தசையில் வந்த கட்டி: நுரையீரல் புற்றுநோய் பற்றிய கேள்விகள்

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். இப்போது தொடைத் தசையில் ஒரு கட்டி. தசைக்குக்கூடவா பரவும்?

பரவும், ஆனால் அபூர்வம். நுரையீரல் புற்றுநோய் வழக்கமாகப் போய் உட்காரும் இடங்கள் மூளை, எலும்பு, கல்லீரல், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி. உடல் எடையில் சுமார் 40 சதவீதம் தசைதான், ரத்த ஓட்டமும் தாராளம். அப்படியிருந்தும் புற்று செல்கள் அங்கே எளிதில் வேர் பிடிப்பதில்லை. ஓயாமல் சுருங்கி விரியும் அசைவு, உழைக்கும்போது ஊறும் லாக்டிக் அமிலம், நேரத்துக்கு நேரம் மாறும் ரத்த ஓட்டம் ஆகியவை காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

சுளுக்கு என்று நினைத்து ஒரு மாதம் நீவிவிட்டோம். தப்பு செய்துவிட்டோமா?

மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள், பலரும் அப்படித்தான் நினைப்பார்கள். சுளுக்கு வலி நாளாக ஆகக் குறையும். புற்றுக் கட்டியின் வலியோ நாளாக ஆகக் கூடும், ராத்திரித் தூக்கத்தையும் கெடுக்கும். முதுகெலும்பை ஒட்டி இடுப்புக்குள் இறங்கும் சோவாஸ் தசையில் வந்தால் கட்டியே கைக்குத் தட்டுப்படாது. மல்லாந்து படுத்தவரால் காலை நீட்ட முடியாது, முட்டியை மடக்கியே வைத்திருப்பார். நோயாளி இப்படிப் படுத்திருப்பதைப் பார்த்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இனி அந்த இடத்தை நீவ வேண்டாம்.

எம்ஆர்ஐயில்தான் தெரிந்துவிட்டதே, பயாப்ஸி எதற்கு? ஊசி குத்தினால் பரவும் என்கிறார்களே?

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பது, வேண்டும். ஓரம் வளையமாக ஒளிர்ந்து நடுவில் இருண்டு தெரியும் கட்டி, நுரையீரலிலிருந்து பரவியதாக இருக்கலாம், சீழ்க்கட்டியாக இருக்கலாம், தசையிலேயே பிறந்த சார்கோமா என்ற வேறு வகைப் புற்றாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஊசியில் எடுத்த துணுக்கில் டிடிஎஃப்-1 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் பிடித்தால், நுரையீரலிலிருந்து வந்தது என்பதற்கு அது வலுவான தடயம். அதே துணுக்கில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு மாற்றங்களையும் தேடலாம். இருந்தால் அந்த மாற்றத்தைக் குறிவைத்துத் தாக்கும், மாத்திரையாகவே சாப்பிடும் இலக்கு மருந்து கிடைக்கும். ஊசிப் பாதையில் நோய் பரவுவது மிக அரிது. அந்தப் பயத்தில் இந்த வாய்ப்பை இழக்காதீர்கள்.

கட்டியை ஆபரேஷனில் எடுத்துவிட்டால் குணமாகிவிடுமா?

பெரும்பாலும் இல்லை. தசைக்கு வந்துவிட்டது என்றால் நான்காம் நிலை, அதாவது நோய் தொலைவுக்குப் பரவிவிட்ட நிலை. உடல் முழுக்கப் போய்ச் சேரும் மருந்துதான் முதன்மை. வலிக்குக் கதிர்வீச்சு நன்றாகக் கைகொடுக்கும். வேறெங்கும் பரவாமல் இந்த ஒரே கட்டி மட்டும் இருந்து, நுரையீரல் நோயும் கட்டுக்குள் இருந்தால், ஆபரேஷனையோ குறிவைத்த கதிர்வீச்சையோ யோசிப்பார்கள்.

நடக்கலாமா?

நடக்கலாம், நடந்தால் நல்லதும்கூட. பக்கத்து எலும்பிலும் நோய் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் எலும்பு முறியும் ஆபத்து உண்டு. முதுகுப் பக்கக் கட்டி உள்ளவருக்குக் கால் திடீரென்று தளர்ந்தாலோ, சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, மறுநாள் வரை பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.