கேபிளை நீட்ட வேண்டாம், டிரான்ஸ்பார்மரை நகர்த்துங்கள்

கேள்வி: நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் மின் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் சங்கிலிக் கன்வேயரை 550 வோல்ட்டில் ஓடும் 150 கிலோவாட் மோட்டார் இழுக்கிறது. வெட்டுமுகம் முன்னேற முன்னேறக் கேபிளைச் சேர்த்துக்கொண்டே போனோம். டிரான்ஸ்பார்மரிலிருந்து மோட்டாருக்கு இப்போது 500 மீட்டர் இருக்கிறது. கேபிள் 70 சதுர மில்லிமீட்டர் செம்பு, டிரான்ஸ்பார்மர் 315 கேவிஏ. காலியாக இருந்தால் கன்வேயர் ஓடுகிறது. நிலக்கரி ஏறியிருந்தால் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது, மின்னோட்டம் எல்லை மீறினால் சப்ளையை வெட்டும் ரிலே விழுகிறது. ரிலே அளவைக் கூட்டச் சொல்கிறார் ஒருவர், மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போடச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள். உங்கள் மோட்டாருக்கும் ரிலேக்கும் எந்தக் குறையும் இல்லை என்றே நினைக்கிறேன். கோளாறு அந்த 500 மீட்டரில் இருக்கிறது.

உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போடுவோம். 150 கிலோவாட் மோட்டார் 550 வோல்ட்டில் முழுச் சுமையில் ஏறத்தாழ 200 ஆம்பியர் எடுக்கும். 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் சூடேறிய நிலையில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.32 ஓம். அப்படியானால் 500 மீட்டருக்கு 0.16 ஓம். மூன்று ஃபேஸ் கணக்கில், ஓடும்போது கேபிளில் மட்டும் 54 வோல்ட் போய்விடுகிறது, அதாவது பத்தில் ஒரு பங்கு. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கிளம்பும் நேரத்தில்தான் சிக்கல். நேரடியாக இணைக்கப்படும் மோட்டார் கிளம்பும்போது முழுச்சுமை மின்னோட்டத்தைப்போல ஆறு மடங்கு கேட்கும். டிரான்ஸ்பார்மருக்கு 4 சதவீத மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்தத் தடை) என்று வைத்துக்கொண்டால், அதன் இழப்பும் கேபிளின் இழப்பும் சேர்ந்து மோட்டார் முனையில் மிஞ்சுவது 65 சதவீத மின்னழுத்தம்தான். தூண்டல் மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 0.65-ஐ 0.65-ஆல் பெருக்கிப் பாருங்கள், 42 சதவீதம் வருகிறது. பாதிகூட இல்லாத பலத்தை வைத்துக்கொண்டு நிறைசுமையோடு நிற்கும் சங்கிலியை இழுக்கச் சொன்னால் மோட்டார் உறுமத்தான் செய்யும்.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஏன் உதவாது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் அது மின்னோட்டத்தை அடக்குகிறது. ஏற்கெனவே 65 சதவீதத்தில் தவிக்கும் மோட்டாருக்கு இன்னும் குறைத்துக் கொடுத்தால் காலிக் கன்வேயர்கூடத் திணறும். டிரான்ஸ்பார்மரின் டேப்பை (வெளிவரும் மின்னழுத்தத்தை மாற்றும் இணைப்பை) 5 சதவீதம் உயர்த்தினால் முறுக்குவிசை 42-இலிருந்து 46 சதவீதம் ஆகும், அவ்வளவுதான். அதற்கு விலையாக, சுமை இல்லாத நேரங்களில் அதே இணைப்பில் உள்ள மற்றக் கருவிகள் கூடுதல் மின்னழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும்.

ரிலேக்கு வருவோம். கிளம்ப முடியாமல் நிற்கும் மோட்டார், மின்னழுத்தம் 65 சதவீதமாக விழுந்திருப்பதால், 1200-க்குப் பதில் 780 ஆம்பியர் அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே விழுவது அநேகமாக மிகைச்சுமை ரிலேயாக இருக்கும். அது தன் வேலையைத்தான் செய்கிறது, அதைத் தளர்த்தினால் மோட்டாரின் சுற்றுக்கம்பி கருகும். ஆனால் நான் அஞ்சுவது, அதைத் திருப்பும் அதே கை, ஃபேஸ்கள் தொட்டுக்கொண்டால் வெட்டும் குறுக்குச்சுற்று ரிலேயின் அமைப்பையும் சேர்த்துத் திருப்பிவிடுமே என்றுதான். ஒருமுறை ஒரு சுரங்கத்தில் சுவிட்ச் பெட்டியைத் திறந்தபோது இரண்டு குமிழ்களும் கடைசிக் கோட்டில் நின்றன. யார் திருப்பியது, எப்போது திருப்பியது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மூடியின் உட்புறத்தில் சுண்ணாம்புக் கட்டியால் 'தொடாதே' என்று மட்டும் எழுதியிருந்தது.

குறுக்குச்சுற்று அமைப்பைத் தொட்டால் என்ன ஆகும்? உங்கள் கேபிளின் கடைசி முனையில் இரண்டு ஃபேஸ்கள் தொட்டுக்கொண்டால் அங்கே பாயக்கூடிய மின்னோட்டம் ஏறத்தாழ 1500 ஆம்பியர்தான். வில்பொறி எழுந்தால் இன்னும் குறையும். ரிலேயை 1800-க்கு வைத்துவிட்டால் அதன் கண்ணுக்கு அந்தப் பழுது தெரியவே தெரியாது. கேபிள் நீள நீள மோட்டார் பலமிழக்கிறது, காவலும் பார்வை இழக்கிறது. மின்னழுத்த இழப்பைப் பற்றிப் பேசுகிற பலர் இந்த இரண்டாவது பாதியைக் கவனிப்பதில்லை.

'எர்த் லீக்கேஜ் ரிலே இருக்கிறதே' என்று கேட்பீர்கள். உண்மைதான், மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் அது வெட்டிவிடும். நல்ல சுரங்கக் கேபிளில் ஒவ்வொரு ஃபேஸ் கம்பிக்கும் தனித்தனிக் கவசத் திரை உண்டு. கல் விழுந்து நசுங்கினால் ஃபேஸ் முதலில் தொடுவது எர்த்தைத்தான், அடுத்த ஃபேஸை அல்ல. நியூட்ரலை (டிரான்ஸ்பார்மரில் மூன்று ஃபேஸ்களுக்கும் பொதுவான முனையை) மின்தடை வழியாக எர்த் செய்திருக்கும் அமைப்பில் அந்தப் பழுது மின்னோட்டத்தை நிர்ணயிப்பது அந்தத் தடையே, கேபிளின் நீளம் அல்ல. அதனால் எர்த் பாதுகாப்பு தூரத்தால் மழுங்குவதில்லை. ஆனால் மோட்டார் முனைப்பெட்டிக்குள்ளோ கேபிள் பிளக்குக்குள்ளோ இரண்டு ஃபேஸ்கள் நேராகத் தொட்டுக்கொண்டால் திரை உதவாது. அங்கே குறுக்குச்சுற்று ரிலே ஒன்றுதான் துணை. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும் இடம் அது. 1913 அக்டோபர் 14 அன்று வேல்ஸின் செங்கெனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர்களைப் பலிகொண்ட வெடிப்புக்கு மின்மணிச் சமிக்ஞைக் கருவியில் எழுந்த பொறி காரணமாக இருக்கலாம் என்று அப்போது சந்தேகித்தார்கள். ஒரு மணியின் பொறி எங்கே, 1500 ஆம்பியர் எங்கே!

இனி, செய்ய வேண்டியது. டிரான்ஸ்பார்மரை 400 மீட்டர் முன்னே கொண்டுபோங்கள். உயர் மின்னழுத்தக் கேபிள் அந்தத் தூரத்தைக் கடக்கட்டும். 3300 வோல்ட்டில் அதே திறனுக்கு ஆறில் ஒரு பங்கு மின்னோட்டமே போகும் என்பதால் இழப்பு பெயரளவுக்குத்தான். 550 வோல்ட் கேபிள் 100 மீட்டராகச் சுருங்கினால் கிளம்பும்போது மோட்டார் முனையில் 83 சதவீதம் நிற்கும், முறுக்குவிசை 42-இலிருந்து 69 சதவீதத்துக்கு ஏறும். கடைசி முனைக் குறுக்குச்சுற்று மின்னோட்டம் 5000 ஆம்பியரை நெருங்கும். கிளம்பும் மின்னோட்டத்துக்கும் பழுது மின்னோட்டத்துக்கும் நடுவில் ரிலேயை வைக்கத் தாராளமாக இடம் கிடைக்கும்.

அடுத்த முறை கருவிகள் வாங்கும்போது 1100 வோல்ட்டுக்கு மாறுவதைப் பற்றி யோசியுங்கள். மின்னழுத்தம் இரட்டிப்பானால் கேபிளில் சதவீத இழப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். தடித்த கேபிளை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. தாழ்ந்த கூரைக்கடியில் அதைத் தோளில் இழுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதில் அவசரம் வேண்டாம். புதுக் காற்று வரும் வழியில், கூரை உறுதியான இடத்தில், நீர் தேங்காத தரையில் வையுங்கள். வெட்டுமுகத்தைக் கடந்து திரும்பும் காற்றின் வழியில் வைக்கவே கூடாது. தீக்காப்பு உறை கொண்ட உலர்வகை டிரான்ஸ்பார்மராக இருக்கட்டும். எண்ணெய் நிரப்பியதை இவ்வளவு முன்னே கொண்டுபோவது தீயை அழைப்பது போலாகும். உறையின் விளிம்புகள் சேரும் மெல்லிய இடைவெளியில் கீறலோ துருவோ இருக்கிறதா என்று மூடுவதற்கு முன் விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே புகுந்த வாயு தீப்பிடித்தால் வெளியேறும் சுடரைக் குளிர்விப்பது அந்த இடைவெளிதான். 1815-இல் ஹம்ப்ரி டேவி தன் விளக்கைச் சுற்றிப் போட்ட கம்பிவலையும் இதே வேலையைத்தான் செய்தது.

மிச்சமாகும் கேபிளை வட்டச் சுருளாகச் சுற்றி மூலையில் போட்டுவைக்காதீர்கள். சுருளுக்குள் சூடு தங்கி மேலுறை இளகும். தேவைப்படாத துண்டுகளைக் கழற்றி மேலே அனுப்பிவிடுங்கள்.

நகர்த்தும் நாளில் சப்ளையைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, மின்சாரம் இல்லை என்று சோதித்து, கேபிளை எர்த் செய்த பிறகே கை வையுங்கள். மீத்தேன் அளவைத் தொடங்குமுன்னும் திரும்ப மின்சாரம் கொடுக்குமுன்னும் பாருங்கள். 1.25 சதவீதத்தில் மின்சாரத்தை வெட்ட வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. காப்புத்தடை, எர்த் தொடர்ச்சி, பைலட் கம்பி (கேபிளுக்குள் ஓடும் கட்டுப்பாட்டுக் கம்பி) ஆகியவற்றைச் சோதித்த பிறகு ரிலே அளவுகளைப் புதுக் கணக்கின்படி அமைத்துப் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். கடைசியாக ஃபேஸ் வரிசை. புதிய இணைப்பில் இரண்டு ஃபேஸ்கள் இடம் மாறியிருந்தால் கன்வேயர் நிலக்கரியைத் திரும்ப வெட்டுமுகத்துக்கே கொண்டுவரும். காலியாக ஒரு நொடி ஓட்டித் திசையைப் பார்த்துவிட்டு, பிறகு நிலக்கரியை ஏற்றுங்கள்.