முழு வீரியமுள்ள நிகராகுவா மதுரோ சுருட்டின் சுவை எப்படி இருக்கும்? புதியவர் பிடிக்கலாமா?

சுவை பிறகு. முதலில், வெறும் வயிற்றில் பிடிக்காதீர்கள்.

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா, முத்தியால்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் எனக்கு ஒன்று கொடுத்தார். ஐந்து அங்குல நீளம், கட்டைவிரல் பருமன், எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் கரும்பழுப்பு. பற்றவைக்கும் முன் முகர்ந்தேன்: உலர்ந்த திராட்சை, கூடவே லேசாக மாட்டுத்தொழுவம்.

முதல் சில இழுப்புகளில் மிளகுதான். ரசத்தின் அடிவண்டலைக் குடித்ததுபோல் நாக்கு சுரீரென்றது. ஓர் அங்குலம் எரிந்தபின் காரம் அடங்கி, பால் விடாத டிக்காஷன், வறுத்த கொக்கோ, சற்றே தீய்ந்த கருப்பட்டிப் பாகு என்று ஒவ்வொன்றாக வந்தது. தாத்தா பிடித்த உறையூர்ச் சுருட்டையும் ருசித்திருக்கிறேன். அதில் காரம் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். இது நகர்ந்துகொண்டே இருந்தது.

மதுரோ என்றால் ஸ்பானிய மொழியில் 'பழுத்தது'. (வெனிசுவேலாக்காரரை இதில் இழுக்க வேண்டாம்.) மேலே சுற்றும் இலையைக் குவியலாக அடுக்கி, உள்ளே சூடேற ஏறப் புரட்டிப் போட்டு, நெடுநாள் புளிக்க வைப்பார்கள். கருமையும் இனிப்பும் அதனால் வருபவை. கறுப்பாக இருந்தால் கடுமையாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், தவறு. வீரியம் உள்ளே இருக்கிறது: செடியின் உச்சியில் வெயில் குடித்துத் தடித்த 'லிஹேரோ' இலைகள். நிகராகுவாவின் எஸ்தெலி வட்டாரத்து எரிமலை மண்ணில் அவை நன்றாகவே முறுக்கேறுகின்றன. 1959 புரட்சிக்குப் பின் கியூபாவை விட்டு வெளியேறிய புகையிலைக்காரர்கள் சிலர் அங்கே போய் ஊன்றியது சும்மா இல்லை.

புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. வாயில் நிறுத்தி வெளியே விட வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். நானோ சிகரெட் பழக்கத்தில் விடாமல் இழுத்தேன். சுருட்டு சூடேறிக் கசந்தது. உள்ளே இழுக்காவிட்டாலும் நிகோடின் வாயின் சவ்வு வழியே ஏறிவிடும் என்பது, உள்ளங்கை வியர்த்து மாடி சுற்றியபோதுதான் புரிந்தது. வாய்ப்புற்றுநோய் அபாயமும் அப்படித்தான், நெஞ்சுக்குள் இழுக்கவில்லை என்பதால் விலகாது.

சித்தி சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தார். சித்தப்பா என் கையிலிருந்த மிச்சத்தை வாங்கி, நிதானமாகப் பிடித்து முடித்தார்.