படிப்பு முடிந்தபின் கிடைக்கும் இரண்டு ஆண்டுகள்

கேள்வி: என் மகன் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டமைப்புப் பொறியியலில் ஓராண்டு முதுநிலைப் படிப்பு படிக்கிறான். 2026 செப்டம்பரில் படிப்பு முடிகிறது; மாணவர் விசா 2027 ஜனவரி வரை இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக் கடன் வாங்கியிருக்கிறோம். படித்து முடித்ததும் இரண்டு ஆண்டு வேலை விசா எடுத்தால் அப்படியே பி.ஆர். கிடைத்துவிடும் என்கிறார் எங்கள் ஊர் ஏஜென்ட். இன்னொரு முதுநிலைப் படிப்பில் சேர்த்துவிடுவதுதான் பாதுகாப்பு என்கிறார் வேறொருவர். கார்த்திகையில் மகளின் திருமணத்தை வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அவன் வந்து போகலாமா? எங்களுக்கு வழி சொல்லுங்கள்.
– ஒரு தாய், கரூர்

பதில்: அன்புள்ள அம்மா, தங்கள் மகன் அந்த விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் ஏஜென்ட் சொன்ன காரணத்துக்காக அல்ல. பிரிட்டனில் கிராஜுவேட் விசா என்று அழைக்கப்படும் இந்த அனுமதி, படித்த துறையில் ஒரு நல்ல வேலையைத் தேடிக்கொள்வதற்கு அந்நாட்டு அரசு தரும் அவகாசம். அது முடியும்போது நீட்டிப்புக் கிடையாது. வாழ்நாளில் ஒருமுறைதான் அதைப் பெற முடியும். பி.ஆர். எனப்படும் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காகக் கணக்கிடப்படும் ஐந்து ஆண்டுகளில் இந்தக் காலம் ஒரு நாள்கூடச் சேராது. அந்த ஐந்து ஆண்டுகளையே பொதுவாகப் பத்து ஆண்டுகளாக உயர்த்தும் திட்டத்தையும் பிரிட்டன் அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் முன்வைத்திருக்கிறது. ஆகவே, ‘அப்படியே பி.ஆர்.’ என்று சொல்பவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே மறைக்கிறார்.

தங்கள் கடிதத்தில் என் கவனத்தை முதலில் ஈர்த்தது, மகனின் மாணவர் விசா 2027 ஜனவரி வரை இருக்கிறது என்ற வரிதான். அதுவரை நேரம் இருக்கிறது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கக்கூடும்; இருக்க வேண்டாம். 2026 டிசம்பர் 31 வரை விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு இரண்டு ஆண்டு கிடைக்கும். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம்தான். முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் மூன்று ஆண்டு என்பது மாறவில்லை. தங்கள் மகன் டிசம்பர் முடிவதற்குள் விண்ணப்பித்தால் ஒரு கணக்கு, ஜனவரி பிறந்தபின் விண்ணப்பித்தால் வேறொரு கணக்கு. ஆறு மாதம் என்பது அங்கே ஒரு வேலைத் தேடலின் முழு நீளமாகக்கூட இருக்கலாம்.

நினைத்த நாளில் விண்ணப்பிக்கவும் முடியாது. மாணவர் படிப்பை வெற்றிகரமாக முடித்துவிட்டார் என்று பல்கலைக்கழகம் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவித்த பிறகுதான் விண்ணப்பம் செல்லும். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்கத் தேவையில்லை; ஆனால் ஆய்வேடு மதிப்பிடப்பட்டு, தேர்வுக் குழு கூடி, முடிவு உறுதியாக வேண்டும். செப்டம்பரில் முடியும் படிப்புகளுக்கு இது நவம்பர், டிசம்பர் வரை இழுப்பது உண்டு. ஏதேனும் ஒரு பாடத்தில் மறுதேர்வோ ஆய்வேட்டை மீண்டும் சமர்ப்பிக்க வேண்டிய நிலையோ வந்தால் எல்லாம் தள்ளிப்போகும். எனவே தேர்வுக் குழு எந்தத் தேதியில் கூடுகிறது, அமைச்சகத்துக்கு எப்போது தெரிவிப்பார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மகன் இப்போதே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

இனி திருமணம். விண்ணப்பிக்கும்போது அவர் பிரிட்டனுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பித்துவிட்டு, முடிவு வருவதற்குள் நாட்டை விட்டுக் கிளம்பினால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே கொள்ளப்படும். முடிவு வர எட்டு வாரம் வரை ஆகலாம். கார்த்திகை மாதம், தேர்வு முடிவு அறிவிக்கப்பட்டு விண்ணப்பிக்க வேண்டிய அதே வாரங்களில் வந்து விழுகிறது. ஐப்பசியில் நல்ல முகூர்த்தம் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்: ஆய்வேடு கொடுத்தாகியிருக்கும், தேர்வு முடிவு வந்திராது, மாணவர் விசாவும் செல்லுபடியாகும். வரும்போது, முடிவுக்காகக் காத்திருப்பவர் என்று பல்கலைக்கழகம் தரும் கடிதம் ஒன்று அவர் கையில் இருக்கட்டும். அக்காவோ தங்கையோ, உடன்பிறந்தவளின் திருமணத்துக்கு அவர் வராமல் இருப்பது தங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய குறை என்பதை நான் அறிவேன். அதனால்தான் நாளை மாற்றிக்கொள்ளச் சொல்கிறேனே தவிர, வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

செலவைப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் 880 பவுண்டாக உயர்ந்தது. அரசு மருத்துவச் சேவைக்கான கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்ட். இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 2,070 பவுண்டை முன்னதாகவே கட்ட வேண்டும். அந்தக் கணக்கில் ஆக 2,950 பவுண்ட், நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கும் மேல். கட்டணங்கள் அவ்வப்போது உயர்த்தப்படுவதால், கட்டும் நாளில் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைத் தவிர வேறு எதற்கும் பணம் தேவையில்லை. வங்கியில் இருப்புக் காட்ட வேண்டாம், ஆங்கிலத் தேர்வு மறுபடியும் எழுத வேண்டாம், வேலை உத்தரவும் வேண்டாம். விண்ணப்பத்தை மகன் தன் கைபேசியிலேயே முடித்துவிடலாம். இருப்புக் காட்டுவதற்கென்று யாராவது தங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

விசா கிடைத்தபின் எந்த வேலையும் செய்யலாம், சொந்தத் தொழிலும் நடத்தலாம். தொழில்முறை விளையாட்டு வீரராக மட்டும் முடியாது. இந்தச் சுதந்திரத்தில்தான் பல பிள்ளைகள் வழி தவறிவிடுகிறார்கள். கிடங்கிலோ உணவகத்திலோ கிடைக்கும் கூலி உடனடியாகக் கையில் வருகிறது, கடன் தவணை நினைவில் இருக்கிறது, அதிலேயே ஒன்றரை ஆண்டு போய்விடுகிறது. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து அடுத்த விசாவுக்குப் பாதை இல்லை. தொடர்ந்து தங்குவதற்குப் பெரும்பாலானோர் நாடும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு, 2025 ஜூலை 22 முதல், பொதுவாகப் பட்டப்படிப்புத் தரத்திலான பணிகள்தான் தகுதி பெறுகின்றன. ஊதிய வரம்பும் அன்று முதல் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது.

புதிதாகப் பணிக்கு வரும் பட்டதாரிகளுக்கு ஒரு சலுகை உண்டு: 33,400 பவுண்ட், அல்லது அந்தப் பணிக்கென வகுத்த ஊதியத்தில் 70 விழுக்காடு, இவற்றில் எது கூடுதலோ அது இருந்தால் போதும். ஏஜென்டுகள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இதன் மறுபக்கம். இந்தச் சலுகை மொத்தம் நான்கு ஆண்டுகளுக்குத்தான், அந்த நான்கில் கிராஜுவேட் விசாவில் கழித்த காலமும் சேரும். இரண்டு ஆண்டையும் முழுதாகச் செலவழித்துவிட்டு வேலைக்குப் போனால், சலுகை ஊதியத்தில் மிஞ்சுவது இரண்டே ஆண்டு; அதன் பிறகு நிறுவனம் முழு ஊதியம் தர வேண்டும். முதல் ஆண்டுக்குள் மாறியவரை வைத்துக்கொள்வது நிறுவனத்துக்கு எளிது. தாமதத்துக்கு இப்படி ஒரு விலை இருப்பதால், இரண்டு ஆண்டு இருக்கிறதே என்று எண்ணாமல், முதல் பத்து மாதத்துக்குள் துறை சார்ந்த வேலை என்று மகன் தனக்கே ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கான வேலை படிப்பு முடியுமுன்பே தொடங்குகிறது. வெளிநாட்டவரை ஸ்பான்சர் செய்ய, அதாவது அவர்களின் வேலை விசாவுக்குப் பொறுப்பேற்க, உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டன் அரசு பொதுவில் வெளியிடுகிறது. அதில் கட்டமைப்பு வடிவமைப்பு, பாலம், ரயில் பணிகளைச் செய்யும் நிறுவனங்களைப் பிரித்தெடுத்து, அவற்றுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். பெரிய நிறுவனங்கள் அடுத்த ஆண்டுக்கான புதிய பட்டதாரிகளைப் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே தேடத் தொடங்கிவிடுகின்றன. ஆய்வேடு கொடுத்த மறுவாரமே அவர் தயாராக இருக்க வேண்டும். மாணவர் விசாவிலிருந்தே நேராக ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாறுபவருக்காக நிறுவனம் அரசுக்குக் கட்ட வேண்டிய திறன் கட்டணம் விலக்கப்படுகிறது. கிராஜுவேட் விசாவிலிருந்து மாறினால் அது உண்டு. ஆகவே டிசம்பருக்குள் ஒரு நல்ல நிறுவனம் ஸ்பான்சர் செய்ய முன்வந்தால், நேராக மாறிவிடுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன்: ஐந்தாண்டுக் கணக்கும் அன்றே தொடங்கும். வராவிட்டால் கிராஜுவேட் விசா இருக்கிறது.

‘ஸ்பான்சர் சான்றிதழ் வாங்கித் தருகிறோம், இத்தனை லட்சம்’ என்று பேரம் பேசுபவர்கள் அங்கும் இருக்கிறார்கள், இங்கும் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழுக்கான கட்டணம் நிறுவனத்தின் பொறுப்பு. ஊழியரிடம் வாங்கக் கூடாது. பணம் கொடுத்து வாங்கிய வேலை பொய் வேலை என்று தெரியவந்தால் விசாவே ரத்தாகும், பணமும் திரும்பாது.

இன்னொரு முதுநிலைப் படிப்பு வேண்டவே வேண்டாம். புதிதாக ஒரு கல்விக் கட்டணம், புதிதாக ஒரு கடன், முடிவில் அதே வேலைச் சந்தை. இப்போதைய ஏற்பாடே எவ்வளவு காலம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கு முன்பிருந்த படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவை 2012 ஏப்ரலில் மூடினார்கள், 2021 ஜூலை 1-இல் இன்றைய வடிவில் திறந்தார்கள், இப்போது குறைக்கிறார்கள். கையிலிருக்கும் வாய்ப்பை விட்டுவிட்டு, விதி என்னவாகும் என்று தெரியாத ஒரு நாளுக்காகப் பணம் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

கடைசியாக, வங்கி. வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் முடிந்தபின் தவணை தொடங்கும். தங்களுக்கு அது ஏறத்தாழ 2027 செப்டம்பராக இருக்கலாம். தங்கள் ஒப்பந்தத்தில் உள்ள தேதியைக் கிளை மேலாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இடைப்பட்ட காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும் என்பதால், பகுதிநேர வேலையில் மகன் மிச்சம் பிடிப்பதில் மாதந்தோறும் வட்டியை மட்டுமாவது கட்டிவர முடியுமா என்று பாருங்கள். முதல் தவணைத் தேதியை மகனுக்கும் தெரியப்படுத்துங்கள். பிள்ளை மனம் வருந்துமே என்று பெற்றோர் இதை மறைப்பதை நிறையப் பார்க்கிறேன். எந்த வேலையை ஏற்பது, எதை மறுப்பது, எப்போது ஊர் திரும்புவது என்று முடிவெடுக்கப்போகிறவர் அவர்தான், அந்தத் தேதி தெரியாமல் அவரால் சரியாக முடிவெடுக்க முடியாது.