உங்கள் பெயரில் ஓடும் கடை

கேள்வி: கோவையில் பழைய இரும்பு மொத்த வியாபாரி ஒருவரிடம் ஏழு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 16,000 ரூபாய். அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்கு முதலாளி (அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்), நான் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே 1,80,000 ரூபாய் கொடுத்தார். சென்ற ஆண்டு என் ஆதார், பான் அட்டைகளை வாங்கி, என் பெயரில் ஒரு டிரேடர்ஸ் தொடங்கி ஜிஎஸ்டி பதிவும் எடுத்தார். வங்கிக் கணக்கும் என் பெயரில்தான். கையெழுத்துப் போட்ட காசோலைப் புத்தகம் அவரிடம் இருக்கிறது. போனுக்கு வரும் ஓடிபியைச் சொல்வது மட்டுமே என் வேலை. அதற்கு மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகத் தருகிறார். 14 மாதங்களில் சுமார் 9 கோடி ரூபாய்க்குப் பில் போட்டாகிவிட்டது. ஒரு கிலோ இரும்புகூட அந்தக் கடைக்கு வந்ததில்லை. “எல்லோரும் செய்வதுதான், பயப்படாதே” என்கிறார். அவர் மனம் நோகாமல் விலகுவது எப்படி? நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நன்றியைப் பற்றிய வரிகள்தான் அதிகம். அந்த 9 கோடி ஒரே வரியில் வந்து போய்விடுகிறது. நான் அதிலிருந்து தொடங்குகிறேன்.

சரக்கே இல்லாமல் பில்லை மட்டும் விற்பவர்களுக்கு விற்பனை வரிக் காலத்திலிருந்தே ‘பில் டிரேடர்’ என்று பெயர். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இந்தத் தொழில் இன்னும் வசதியாகிவிட்டது. கழிவு இரும்புக்கு வரி 18 சதவீதம். 1 லட்சம் ரூபாய்க்கு உங்கள் கடை பில் கொடுத்தால், வாங்கியதாகக் காட்டுபவர் 18,000 ரூபாயை உள்ளீட்டு வரியாக, அதாவது சரக்கு வாங்கியபோதே கட்டிவிட்ட வரியாகக் காட்டி, தன் வரியில் கழித்துக்கொள்வார். அந்த 18,000 அரசின் கையில் சேர்ந்ததே இல்லை. இல்லாத பணத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கமிஷன் உங்கள் முதலாளிக்கு. 9 கோடிக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 1 கோடியே 62 லட்சம் வருகிறது. உங்கள் சம்பளத்தில் ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் 84 ஆண்டுகள் ஆகும். அபராதமும் அதே அளவுக்கு விதிக்க முடியும். அத்தனை நோட்டீஸ்களும் உங்கள் பெயருக்கே வரும்.

தண்டனையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 132-ஆம் பிரிவில், போலிப் பில் வழியாகப் போன வரி 1 கோடியைத் தாண்டினால் ஓராண்டு வரை சிறை, 2 கோடியைத் தாண்டினால் மூன்றாண்டு வரை, 5 கோடியைத் தாண்டினால் ஐந்தாண்டு வரை. கடைசியில் சொன்னது ஜாமீனில் விட முடியாத குற்றம். நீங்கள் முதல் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். இதே வேகத்தில் போனால் நான்கு மாதங்களுக்குள் இரண்டாவதையும் தாண்டுவீர்கள். அதனால்தான் அவர் மனம் நோகுமா என்பதை ஆற அமர யோசிக்க உங்களுக்கு நேரமில்லை என்கிறேன்.

உங்கள் முதலாளி நல்லவர் என்பதை நான் மறுக்கவில்லை. அம்மாவுக்கு அவர் கொடுத்த பணம் உண்மையான பணம். அன்று அவருக்கு வேறு நோக்கம் இருந்ததாகவும் நான் நினைக்கவில்லை. 1939-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லேண்ட், மதிப்பும் பதவியும் உள்ளவர்கள் தம் தொழிலின் வழியே செய்யும் குற்றங்களுக்கு ‘வெள்ளைக் காலர் குற்றம்’ என்று பெயர் வைத்தார். இப்படிப்பட்டவர்கள் தங்களைக் குற்றவாளியாக நினைத்துக்கொள்வதில்லை என்பதையும் அவர் கவனித்திருந்தார். “எல்லோரும் செய்வதுதான்” என்று உங்களிடம் சொல்லும்போது அவர் பொய் சொல்வதாக உணர்ந்திருக்க மாட்டார். ஆனால் பதிவைத் தன் மனைவி பெயரிலோ மகன் பெயரிலோ எடுக்காமல் உங்கள் பெயரில் ஏன் எடுத்தார்? அதற்கு மட்டும் அவருக்கு விடை தெரியும்.

‘சொன்னதைச் செய்தேன்’ என்ற பதில் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்கு சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழக்கைப் பாருங்கள். 2009 ஜனவரி 7 அன்று தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் பல ஆயிரம் கோடி ரூபாய் பொய் என்று தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஏழாண்டு சிறை விதித்தது. அவர்களில் நிதிப் பிரிவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது. இருந்தாலும் அந்தப் பட்டியலில் ஊழியருக்கும் தலைவருக்கும் ஒரே ஏழாண்டுதான்.

இனி செய்ய வேண்டியது. இன்றிலிருந்து ஓடிபி சொல்லாதீர்கள். நாளைக் காலை வங்கிக்குப் போய், அவரிடம் இருக்கும் காசோலைகளுக்குப் பணம் தர வேண்டாம் என்று எண்களைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். கணக்கு உங்களுடையது, தொடக்கத்திலிருந்து அறிக்கை கேட்டால் தர வேண்டும். ஜிஎஸ்டி இணையதளத்தில் தாக்கல் செய்த கணக்குகளையும், சரக்கை வண்டியில் கொண்டுபோக எடுக்கும் மின்னணுச் சீட்டுகளான இ-வே பில்களையும் இறக்கி வையுங்கள். இ-வே பில்லில் லாரி என்று எழுதிய எண் கடைசியில் ஸ்கூட்டரின் எண்ணாக இருந்து மாட்டிக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய கதை. ஓடிபி கேட்டு அவர் அனுப்பிய செய்திகளில் ஒன்றைக்கூட அழிக்காதீர்கள். அவைதான் உங்களுக்குத் துணை. போலிப் பில்லைச் செய்யவைத்து அதன் ஆதாயத்தை வைத்துக்கொள்பவரையும் தண்டிக்கும்படி 2020-இல் சட்டம் திருத்தப்பட்டது. கடையின் உண்மையான சொந்தக்காரர் யார் என்று காட்ட உங்களிடம் இருப்பது அந்தச் செய்திகளும், பணம் போன வழியும்தான்.

அதன் பிறகு வழக்கறிஞர். முதலாளியின் ஆடிட்டர் “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்வார். கேட்காதீர்கள், அவர் யாரைப் பார்த்துக்கொள்வார் என்று உங்களுக்கே தெரியும். கட்டணத்துக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பதிவை ரத்து செய்ய விண்ணப்பிப்பதையும், வரி அதிகாரியிடம் நீங்களே முன்வந்து எழுத்தில் சொல்வதையும் வழக்கறிஞர் துணையோடு செய்யுங்கள். ரத்து செய்தாலும் பழைய பொறுப்பு தீராது என்பதை மனதில் வையுங்கள்.

அதிகாரியிடம் “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏழு ஆண்டு கணக்கு எழுதியவர் சொல்ல, யாரும் நம்ப மாட்டார்கள். அது உண்மையும் இல்லை. 14 மாதங்களில் வாங்கிய 70,000 ரூபாயையும் நீங்களே சொல்லிவிடுங்கள். முழுதாகத் தப்பித்துவிடுவீர்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. வேலை போகும், அது நிச்சயம். ஆனாலும் அதிகாரி வீடு தேடி வந்த பிறகு சொல்வதற்கும், இப்போது நீங்களாகப் போய்ச் சொல்வதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

அம்மாவின் சிகிச்சைக்கு வாங்கிய 1,80,000 ரூபாய் தனிக் கடன். மாதம் 3,000 வீதம் ஐந்தாண்டில் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்து, வங்கி வழியாகக் கட்டுங்கள். முடியாத மாதம் 2,000 கட்டுங்கள்.

அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்றுதான் கேட்டிருந்தீர்கள். வங்கிக்குப் போவதற்கு முன் பேசாதீர்கள். உங்கள் நகல்கள் வழக்கறிஞரிடம் சேர்ந்த பிறகு, அந்த வழக்கறிஞர் எதிரிலேயே பேசுங்கள். “உங்கள் பணத்தைக் கட்டிவிடுகிறேன் அண்ணா, என் பெயரைத் தர முடியாது” என்பதற்கு மேல் விளக்கம் வேண்டாம். முதலாளி நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.