Re: டிப்ளமோ மெக்கானிக்கல், கோவை, ஆறு மாசமா எந்த அழைப்பும் இல்லை

தம்பி, நௌக்ரி வேலைவாய்ப்பு தளத்தில் விண்ணப்பம் போட்டுட்டே இருங்க. ஆனா "சொந்தக்காரங்க, நண்பர்கள் எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, ஒண்ணும் நடக்கல"ன்னு எழுதியிருக்கீங்களே, அங்கதான் விஷயம். நெருங்கினவங்களுக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிஞ்சதுதான். அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர்ங்கிற சமூகவியல் ஆய்வாளர் 1973ல் வெளியிட்ட ஆய்வுப்படி, தெரிஞ்சவர் மூலமா வேலை கிடைச்சவங்களில் பெரும்பாலானோருக்கு உதவினது எப்பவாவது சந்திக்கிற ஆட்கள்தான்.

உங்க பாலிடெக்னிக் சீனியர்கள், படிக்கும்போது இன்பிளான்ட் ட்ரெய்னிங் (தொழிற்சாலைப் பயிற்சி) போன இடத்து சூப்பர்வைசர், இவங்ககிட்ட கேளுங்க. முக்கியமா, பட்டறைகளுக்கு கட்டிங் டூல் சப்ளை பண்றவர் யாராவது தெரியுமா? எந்தப் பட்டறையில புது மெஷின் இறங்குது, எதுல ஆள் வேலையை விட்டு நின்னுட்டாருன்னு அவருக்கு உடனே தெரியும்.

"ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணா"ன்னு கேட்டா மறந்துடுவாங்க. இப்படி அனுப்புங்க: "அண்ணா, சிஎன்சி மெஷின் ஆபரேட்டர் இல்லன்னா குவாலிட்டி செக்கிங் வேலை தேடுறேன். மைக்ரோமீட்டர், டிராயிங் பார்க்கத் தெரியும். கோவையில கணபதி, பீளமேடு பக்கம் யார்கிட்ட பேசலாம்?" அவர் அதை அப்படியே ஃபார்வர்டு பண்ணலாம்.

கூச்சப்படாதீங்க, நீங்க கேட்கிறது தகவல்தான். வேலை வாங்கித் தர்றேன்னு யாராவது முன்பணம் கேட்டா மட்டும் ஒரு பைசா கொடுக்காதீங்க. நீங்க படிச்ச பாலிடெக்னிக் எதுன்னு இங்க போடுங்க, தெரிஞ்சவங்க இருந்தா கேட்டுச் சொல்றேன்.