நமக்குப் புரட்டாசிப் பட்டம்: தென்னாப்பிரிக்க வீட்டுத் தோட்டக் கேள்வி-பதில்

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்களே அம்மா, ஆடியில் ஊன்றிய வெண்டையும் பாகலும் முளைக்கவே இல்லையே? (சாட்ஸ்வொர்த், டர்பன்)

அந்தப் பழமொழி தமிழ்நாட்டு மழைக்குச் சொன்னது. டர்பனில் ஆடி என்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை, குளிர்காலம். மழையும் குறைவு. வெண்டைக்கு மண்ணில் சூடு வேண்டும். குளிர்ந்த மண்ணில் தண்ணீர் ஊற்ற ஊற்ற விதை அழுகித்தான் போகும். நமக்குப் புரட்டாசிதான் பட்டம். விரதம் தொடங்கும் செப்டம்பர் நடுவில் மண் சூடேறியிருக்கும், மழையும் எட்டிப் பார்க்கும். பாகல் விதையின் ஓடு கெட்டி. நகவெட்டியால் முனையை லேசாகக் கிள்ளி, வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள்.

ஆடியில் பாத்தியைச் சும்மா போடாதீர்கள். வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி எல்லாம் அந்தக் குளிருக்கு அருமையாக வரும். அதே கொத்தமல்லியைத் தை மாத வெயிலில் போட்டால் தழைப்பதற்கு முன்பே பூத்துவிடும்.

கறிவேப்பிலை ஒரே ராத்திரியில் கருகிவிட்டது. பிடுங்கிவிடலாமா? (லெனேசியா, ஜொகானஸ்பர்க்)

பிடுங்காதீர்கள்! இது உறைபனி செய்த வேலை. தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கருகிய குச்சிகளை இப்போதே வெட்டவும் வேண்டாம். பனிக்காலம் முடியும்வரை அவையே கீழ்க்கிளைகளுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு. தண்ணீரைக் குறையுங்கள்.

டர்பனில் மரமாக நிற்கும் கறிவேப்பிலையை ஜொகானஸ்பர்க் பக்கம் தொட்டியில் வளர்ப்பதுதான் நல்லது. மே மாதமே வடக்குப் பார்த்த சுவரை ஒட்டி நகர்த்திவிடுங்கள். இந்த நாட்டில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்து விழும். ராத்திரி பழைய போர்வையால் மூடி, விடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

பப்பாளி நிறையப் பூக்கிறது, ஒரு காய்கூட இல்லை. (டோங்காட்)

பூக்கள் நீளக் காம்பில் கொத்துக்கொத்தாகத் தொங்கினால் அது ஆண் மரம். ஆணி அடித்தாலும் காய்க்காது. அடுத்த முறை ஒரே குழியில் மூன்று நாற்று வையுங்கள். பூத்த பிறகு, தண்டை ஒட்டிப் பெரிய பூ விடுகிற மரத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடலாம்.

குரங்குகள் ஒரு பழத்தையும் விடுவதில்லை. (பீனிக்ஸ்)

பப்பாளியில் முதல் மஞ்சள் கோடு தெரிந்த அன்றே பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். குப்பைத் தொட்டியை இறுக மூடுங்கள். பெரும்பாலும் அதுதான் முதலில் அவற்றை வரவழைக்கிறது. வேலியோரம் இஞ்சியும் மஞ்சளும் நடலாம், அவற்றை அதிகம் சீண்டுவதில்லை. விஷம் மட்டும் கூடவே கூடாது. குட்டியைச் சுமந்த தாயும் அதைத்தான் தின்னும், பக்கத்து வீட்டு நாயும் தின்னும்.