சம்பளத்தை அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல லிஸ்ட்ல உங்க நம்பர் என்னன்னு கேளுங்க

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு. 11 வருஷமா கேபின் க்ரூ, சென்னை பேஸ். எங்க சின்ன கம்பெனிய ஒரு பெரிய கம்பெனியோட சேத்துட்டாங்க. இப்ப புது காண்ட்ராக்ட் குடுத்து பத்து நாள்ல கையெழுத்து கேக்கறாங்க. பேசிக் கொஞ்சம் ஏறுது, ஆனா லேஓவர் அலவன்ஸ், அதான் வெளியூர்ல தங்கறப்ப குடுக்கற படி, குறையுது, ஹோட்டல்ல ரெண்டு பேருக்கு ஒரு ரூம். அவங்களுக்கு ஒரு யூனியன், எங்களுக்கு ஒரு யூனியன், ரெண்டும் எலியும் பூனையும். "நீங்க நேத்து வந்தவங்க, சீனியாரிட்டில எங்களுக்குக் கீழதான்"னு அவங்க சொல்றாங்க. எங்க வாட்ஸப் குரூப்ல ஒரே நாள்ல எல்லாரும் சிக் லீவ் போடலாம்னு பேச்சு ஓடுது. வீட்டுக்காரரோ யூனியன் வம்பே வேணாம், கையெழுத்து போட்டுட்டு வேலையைப் பாருங்கறார். நான் என்ன பண்றது?
பெயர் வேண்டாம், பல்லாவரம்.

பதில்: பல்லாவரம் தங்கச்சி, உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். அலவன்ஸ் பத்தி எழுதியிருக்கீங்க, ரூம் பத்தி எழுதியிருக்கீங்க, வீட்டுக்காரர் பத்தியும் எழுதியிருக்கீங்க, ஆனா இருக்கறதுலயே பெரிய விஷயத்த, அதான் அந்த "கீழதான்"ங்கற ஒரு வார்த்தைய, ஏதோ பக்கத்து சீட்டுக்காரி கிண்டல் பண்ணின மாதிரி போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டீங்க. நான் அங்கதான் நின்னுட்டேன்.

ஏன்னா அந்தத் தப்ப நானே பண்ணியிருக்கேன். நான் கிரவுண்ட் ஸ்டாஃப், 20 வருஷத்துக்கு மேல செக்-இன் கவுண்டர்ல நின்னவ, எந்தக் கம்பெனின்னு இங்க வேணாம். எங்களையும் இன்னொரு கம்பெனியோட சேத்தாங்க, மாசம் 1,800 ரூபா ஏறுதுன்னு சொன்னாங்க, அப்ப என் பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டற நேரம், லெட்டர்ல மொத பக்கத்த மட்டும் பாத்துட்டு கையெழுத்து போட்டுட்டேன். மூணாவது பக்கத்துல "இந்தப் பதவியில் சேர்ந்த நாள்"னு ஒரு வரி, அதுல இணைப்பு நடந்த தேதிய போட்டிருந்தாங்க. அவ்வளவுதான், என் ஒம்போது வருஷம் போச்சு. எனக்கு ட்ரெய்னிங்ல சலாம் போட்ட பையன் எனக்கு முன்னாடி ட்யூட்டி ஆஃபீசர் ஆனான், நான் ஆக இன்னும் ஆறு வருஷம் ஆச்சு. அந்த 1,800 ரூபா ரெண்டு வருஷத்துல விலைவாசியில கரைஞ்சு போச்சு, தேதி மட்டும் ரிட்டையர் ஆகற வரைக்கும் மாறவே இல்ல. அதுக்கப்புறம்தான் யூனியன்ல சேந்தேன்னு வைங்க, சூடு பட்ட பூனை கதைதான்.

அதனால சொல்றேன், சம்பளம் அடுத்த செட்டில்மெண்ட்ல திரும்பப் பேச வரும், அலவன்ஸும் வரும், ரூமும் வரும். சீனியாரிட்டி லிஸ்ட் ஒரு தடவதான் போடுவாங்க. சீனியர் க்ரூ ப்ரமோஷன், பேஸ் மாத்தறது, தீபாவளிக்கு லீவ், ஆள் குறைக்கறப்ப யாரு மொதல்ல வெளிய போறதுங்கறது எல்லாம் கடைசில அந்த நம்பர்லதான் போய் நிக்கும்.

இதுல உலகத்துக்கே பாடமான கேஸ் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல 2005ல யூஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட்னு ரெண்டு விமானக் கம்பெனிங்க சேந்தாங்க. யூஎஸ் ஏர்வேஸ் பழைய கம்பெனி, பைலட்டுங்க எல்லாம் வருஷக்கணக்கா சர்வீஸ் போட்டவங்க, ஆனா கம்பெனி திவால் கோர்ட்ல நிக்குது, ஏகப்பட்ட பேர் லே-ஆஃப்ல வீட்டுல இருக்காங்க. அமெரிக்கா வெஸ்ட் பைலட்டுங்க வயசுல சின்னவங்க, ஆனா கையில வேலை இருக்கு. யூஎஸ் ஏர்வேஸ்காரங்க சேந்த தேதிப்படி லிஸ்ட் போடுங்கறாங்க, அமெரிக்கா வெஸ்ட்காரங்க எங்க கம்பெனி இல்லைன்னா நீங்க தெருவுல நின்னிருப்பீங்கங்கறாங்க. மத்தியஸ்தர் ஜார்ஜ் நிகோலாவ் 2007ல தீர்ப்பு குடுத்தார், பெரிய விமானம் ஓட்டற யூஎஸ் ஏர்வேஸ் சீனியர் பைலட்டுங்க சுமார் 500 பேர மேல வச்சு, அதுக்குக் கீழ ரெண்டு பக்கத்தையும் விகிதம் போட்டு கலந்து, லே-ஆஃப்ல இருந்தவங்கள அடியில போட்டுட்டார். விளைவு என்னன்னா, ஒரு பக்கம் 17 வருஷம் முன்னாடி சேந்த ஆளு, இன்னொரு பக்கம் நேத்து சேந்த ஆளு, லிஸ்ட்ல பக்கத்து பக்கத்துல.

பழைய கம்பெனிக்காரங்க கொதிச்சுப் போயிட்டாங்க. அவங்க எண்ணிக்கை ஜாஸ்தி, அதனால 2008ல ஓட்டு போட்டு பழைய யூனியனையே தூக்கிட்டு யூசாப்பான்னு புது யூனியன் கொண்டு வந்தாங்க. ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரு பொது காண்ட்ராக்ட் வந்தாதான் அந்த லிஸ்ட் அமலுக்கு வரும், அதனால பொது காண்ட்ராக்ட்டே வராம பாத்துக்கிட்டாங்க. கேக்க சாமர்த்தியமாதான் இருக்கு, ஆனா அதோட விலை என்ன தெரியுமா, திவால் காலத்துல வெட்டின சம்பளத்துலயே வருஷக்கணக்கா பறந்தாங்க. இதுல கோர்ட் கேஸ் வேற. 2013ல அமெரிக்கன் ஏர்லைன்ஸோட அடுத்த இணைப்பு வந்து, எல்லாருக்கும் சேத்து ஒரே லிஸ்ட் வந்தப்ப 2016 ஆயிடுச்சு. பதினோரு வருஷம்மா, நீங்க வேலை பாத்த காலம் மொத்தமும்! யாருக்கு நியாயம் கிடைச்சுதுன்னு ரெண்டு பக்கமும் இன்னும் அடிச்சுக்கலாம், அத்தனை வருஷம் மலிவான சம்பளத்துல பைலட் கிடைச்சது கம்பெனிக்கு.

அந்த கேஸாவது கலந்து போட்டாங்க. 2001ல டிடபிள்யூஏங்கற விமானக் கம்பெனிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கினப்ப, டிடபிள்யூஏ கேபின் க்ரூவ, உங்க வேலை பாத்தவங்கதான், அப்படியே லிஸ்ட்டோட அடியில ஒட்ட வச்சுட்டாங்க. 25 வருஷ சர்வீஸ் போட்ட பொம்பளைங்க எல்லாம் போன மாசம் சேந்த பொண்ணுக்குக் கீழ. செப்டம்பர் 11க்கு அப்புறம் ஆள் குறைச்சாங்க, அடியிலிருந்துதான குறைப்பாங்க, 2003க்குள்ள அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. அந்த அநியாயத்தப் பாத்துட்டுதான் 2007 டிசம்பர்ல அங்க ஒரு சட்டமே வந்துச்சு, விமானக் கம்பெனி இணைஞ்சா ரெண்டு பக்க லிஸ்ட்டையும் நியாயமா கலக்கணும், ஒத்துவரலைன்னா மத்தியஸ்தத்துக்குப் போகணும்னு. நம்ம ஊர்ல விமான ஊழியருக்குன்னு அப்படி தனிச்சட்டம் கிடையாது, அதனால நீங்க காகிதத்துல என்ன வாங்கறீங்களோ அதுதான் உங்களுக்கு சட்டம்.

ஆனா நீங்க வெறுங்கையோட இல்ல. இணைப்புக்கு கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் குடுக்கற திட்டத்துல, ஊழியர்கள் சர்வீஸ் முறியாம, ஏற்கனவே இருக்கறத விட மோசமில்லாத நிபந்தனையில வர்றாங்கன்னு பொதுவா ஒரு ஷரத்து இருக்கும். அந்த ஆர்டர் ரகசியம் இல்ல, யூனியன்கிட்ட சொல்லி வாங்கிப் படிங்க. அந்த ஷரத்த ஒரு பக்கம் வச்சு, உங்க புது காண்ட்ராக்ட்ட இன்னொரு பக்கம் வச்சு, "புதிய நியமனம்"னு எங்கயாவது இருக்கான்னு தேடுங்க. இருந்தா கிராஜுவிட்டி வரைக்கும் இடிக்கும். இன்னொண்ணு, புது டெசிக்னேஷன்ல மேனேஜர்னு பேர் குடுத்திருந்தா உடனே சந்தோஷப்படாதீங்க. வேலை என்னங்கறததான் கோர்ட் பாக்கும், பேரை இல்ல, இருந்தாலும் "நீ மேனேஜர், உனக்கு எதுக்கு யூனியன்"னு சொல்றதுக்குன்னே சில இடத்துல அந்தப் பட்டம் கட்டுவாங்க.

சிக் லீவ் விஷயம். வேணாம்மா. ஆசை எனக்குப் புரியுது, ஒரு நாள் அத்தனை ஃப்ளைட்டும் நின்னாதான் மேல இருக்கறவனுக்கு காது கேக்கும்னு தோணும். 2024 மே 7ம் தேதி சாயந்திரம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்ல அதான் நடந்துச்சு, ஏஐஎக்ஸ் கனெக்ட், அதான் பழைய ஏர்ஏஷியா இந்தியா, அதோட இணைப்பு வேலை ஓடிக்கிட்டிருந்த நேரம், சீனியர் க்ரூவுக்கு கீழ்ப்பதவி குடுக்கறாங்க, அலவன்ஸ வெட்டறாங்கன்னு புகார், 200 பேருக்கு மேல ஒரே நேரத்துல உடம்பு சரியில்லன்னுட்டாங்க. 170க்கு மேல ஃப்ளைட் கேன்சல். கம்பெனி 25 பேர வேலைய விட்டே எடுத்துச்சு. 9ம் தேதி டெல்லில தலைமை லேபர் கமிஷனர் முன்னாடி உக்காந்து பேசி, அந்த 25 பேரையும் திரும்ப எடுக்கறதா ஒத்துக்கிட்டப்புறம்தான் எல்லாரும் ட்யூட்டிக்கு வந்தாங்க. ஜெயிச்ச மாதிரிதான் தெரியும், ஆனா அங்க யூனியன்னு ஒண்ணு இருந்துச்சு, விஷயம் ஏற்கனவே லேபர் ஆபீஸ் வரைக்கும் போயிருந்துச்சு, அதனாலதான் ரெண்டே நாள்ல உக்கார ஒரு மேஜை இருந்துச்சு. உங்ககிட்ட இப்ப இருக்கறது ஒரு வாட்ஸப் குரூப், அதுல யாரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எங்க அனுப்பறாங்கன்னே தெரியாது.

அதோட சட்டமும் மாறியிருக்கு. 2025 நவம்பர் 21லேருந்து அமல்ல இருக்கற தொழில் உறவுச் சட்டத் தொகுப்புல, பாதி பேரோ அதுக்கு மேலயோ சேந்து ஒரே நாள்ல கேஷுவல் லீவ் போட்டா அதுவே ஸ்ட்ரைக் கணக்கு. ஸ்ட்ரைக்னா குறைஞ்சது 14 நாள் நோட்டீஸ் வேணும். சிக் லீவ்னு பேர மாத்திப் போட்டா தப்பிச்சுக்கலாம்னு குரூப்ல யாராவது வக்கீல் மாதிரி பேசினா நம்பிடாதீங்க. அதே சட்டத்துல நமக்கு சாதகமானதும் இருக்கு, கன்சிலியேஷன், அதான் லேபர் ஆபீஸ்ல சமரசப் பேச்சு, நடக்கறப்ப தகராறுல இருக்கற நிபந்தனைய நிர்வாகம் இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது. அதனால லீவ் போடற அன்னைக்கு செலவாகற தைரியத்த ஒரு புகார் மனுவுல போடுங்க. ஒரு விஷயம், ஏர்லைன்ஸ் மத்திய அரசு வரம்பு, தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல இருக்கற மாநில லேபர் ஆபீஸ்ல போய் நின்னா திருப்பி அனுப்பிடுவாங்க, நீங்க போக வேண்டியது சாஸ்திரி பவன்ல இருக்கற மத்திய லேபர் ஆபீஸ்.

இப்ப அந்த எலி பூனை. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007ல ஒண்ணாச்சு, போர்டுல பேர் மாறிச்சு, ஆளுங்க மாறல. 2011ல பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுங்க, ஏர் இந்தியாக்காரங்களுக்கு சமமா சம்பளம் குடுன்னு பத்து நாள் ஸ்ட்ரைக். அடுத்த வருஷம் மே மாசம் பழைய ஏர் இந்தியா பைலட்டுங்க, எங்க ட்ரீம்லைனர் விமான ட்ரெய்னிங்க இந்தியன் ஏர்லைன்ஸ்காரங்களுக்கு ஏன் குடுக்கறன்னு 58 நாள் ஸ்ட்ரைக், அதுவும் சிக் லீவ்லதான் ஆரம்பிச்சுது, நூறு பேருக்கு வேலை போய், டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போய் ஜூலைலதான் திரும்பினாங்க. கவனிச்சுப் பாருங்க, ரெண்டு தடவையும் ரெண்டு யூனியனும் தனித்தனியாதான் தெருவுக்கு வந்துச்சு. ஒருத்தர் வெளிய நிக்கறப்ப இன்னொருத்தர் உள்ள இருந்தாங்க.

நீங்க அந்த யூனியன்காரங்ககிட்ட பேசறதுக்கு பெருந்தன்மையெல்லாம் தேவையில்ல, கணக்கு போதும். புது சட்டத்துல, நிர்வாகத்தோட தனியா பேசற உரிமை வேணும்னா மொத்த வருகைப் பதிவுல இருக்கற தொழிலாளர்கள்ல 51 சதவீதம் அந்த யூனியன்ல இருக்கணும். கம்பெனி பெருசானதால அந்த மொத்தமே பெருசாயிடுச்சு, நேத்து வரைக்கும் உங்க யூனியனுக்கு இருந்த மெஜாரிட்டி இன்னைக்கு இருக்காது, அவங்களோடதும் இருக்குமான்னு எண்ணிப் பாக்கணும். யாருக்கும் 51 வரலைன்னா குறைஞ்சது 20 சதவீதம் இருக்கற யூனியன்கள் சேந்த ஒரு பேச்சுவார்த்தைக் குழுதான் மேஜைல உக்காரும். அப்ப எப்படியும் அவங்க பக்கத்து நாற்காலிதான், முன்னாடியே பேசி வச்சுக்கறது நல்லதுதான? அமெரிக்காவுல டெல்டா-நார்த்வெஸ்ட் 2008ல சேந்தப்ப பைலட்டுங்க இணைப்பு முடியறதுக்கு முன்னாடியே பொது காண்ட்ராக்ட்ட பேசி முடிச்சுட்டாங்க, லிஸ்ட்டும் அந்த வருஷமே வந்துச்சு. யுனைடெட்-கான்டினென்டல் கேபின் க்ரூவுக்கு 2010 இணைப்புக்கு 2016லதான் பொது காண்ட்ராக்ட், ரெண்டு பக்கமும் கலந்து ஒரே ஃப்ளைட்ல வேலை பாக்க 2018 ஆச்சு.

லிஸ்ட்டுக்கு என்ன கேக்கறதுன்னா, கேபின் க்ரூவா மொத மொதல்ல பறக்க ஆரம்பிச்ச தேதி, எந்தக் கம்பெனியா இருந்தாலும். என் அபிப்பிராயம் அதுதான். உங்களுக்கு அது லாபம்ங்கறதால சொல்லல, கேபின் க்ரூவுக்குள்ள பைலட் மாதிரி சின்ன விமானம் பெரிய விமானம்னு அவ்வளவு பெரிய பள்ளம் கிடையாது, அதனால தேதிதான் சண்டைய குறைக்கும். அவங்க பக்கத்துல உங்களுக்கு சரிசமமா 11 வருஷம் போட்ட ஒரு பொண்ணு இருப்பா, அவள புடிங்க. தலைவருங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கலைன்னாலும் அந்தப் பொண்ணு உங்களோட டீ குடிக்க வருவா.

வீட்டுக்காரர்கிட்ட, இஎம்ஐ கணக்கு பாக்கறப்ப இந்த லிஸ்ட் கணக்கையும் போட்டுக் காட்டுங்க. அவர் பயம் தப்பில்ல, ஆனா யூனியன்ல சேராததால கையெழுத்து ஒண்ணும் பத்திரமா ஆயிடாது.

பத்து நாள்னு எழுதியிருக்கீங்க, அதுல எத்தனை நாள் போச்சுன்னு எழுதல, இந்த இதழ் உங்க கைக்கு வர்றதுக்குள்ள கெடுவே முடிஞ்சிருக்கலாம். இன்னும் கையெழுத்து போடலைன்னா, இன்னைக்கு ராத்திரியே ஹெச்ஆருக்கு ஒரு ஈமெயில், ரெண்டே கேள்வி: என் சர்வீஸ் பழைய கம்பெனில சேந்த நாளிலிருந்து தொடருதா, பொது சீனியாரிட்டி லிஸ்ட்ல என் நம்பர் என்ன, பதில் வந்தப்புறம் கையெழுத்து போடறேன். ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா அழ வேணாம், அதே ஈமெயில்ல "சீனியாரிட்டி பத்தின ஆட்சேபத்தை நான் கைவிடவில்லை"ன்னு ஒரு வரி சேத்து, யூனியனுக்கு ஒரு காப்பி போட்டு அனுப்புங்க. ஆபீஸ் ஈமெயில்லேருந்து அனுப்பினா சொந்த ஐடிக்கும் ஒண்ணு அனுப்பி வச்சுக்கங்க, இணைப்புல ஈமெயில் அக்கவுண்டெல்லாம் மாத்துவாங்க, அப்ப பழசு காணாமப் போயிடும்.